இரைச்சலில் வேலை செய்பவர்கள் முதுமைக்கும் காதை மிச்சம் வைத்துக்கொள்வது எப்படி

என் அண்ணனுக்கு 68 வயது, எனக்கு 66. அவர் பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தவர். நான் 31 ஆண்டுகள் நாடாத் தறிகள் (ஊடை நூலைச் சுமந்து நாடா என்னும் கட்டை இங்குமங்கும் பாயும் தறிகள்) ஓடும் கூடத்தில் ஃபிட்டராக நின்றவன். எங்கள் இருவருடைய ஆடியோகிராம்களும், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடங்களும், இப்போது என் மேசைமேல் அருகருகே கிடக்கின்றன. இந்த வரைபடத்தில் இடமிருந்து வலமாகப் போகப் போக ஒலியின் அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) ஏறும், அதாவது ஒலி கூர்மையாகும். கோடு கீழே இறங்க இறங்க இழப்பு (டெசிபல்) அதிகம் என்று பொருள்.

அண்ணனுடைய கோடு ஏறக்குறைய சமமாகவே போய், 4000 ஹெர்ட்ஸைத் தாண்டியபின் மெல்லச் சரிந்து, 8000-இல் 45 டெசிபலில் முடிகிறது. என்னுடையது 1000 வரை ஒழுங்காக வந்து, 2000-இல் தள்ளாடி, 3000-இல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, 4000-இல் 75-இல் நிற்கிறது. பிறகு 8000-இல் சற்று மேலேறி 65. அந்தச் சிறிய ஏற்றம்தான் அடையாளம். முதுமை மட்டும் தேய்த்த காதில் கடைசி முனைதான் ஆழமான இடம். இரைச்சல் தேய்த்த காதில் 3000 முதல் 6000 வரை எங்காவது ஒரு பள்ளம் விழுந்து, அதற்கப்பால் கோடு மேலேறும். என் 52-ஆவது வயதில் முதன்முதலாகச் சோதனை செய்த பெண், நான் என் தொழிலைச் சொல்வதற்கு முன்பே, "ஐயா, எத்தனை வருடமாக இயந்திரத்தோடு இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அண்ணன் தம்பி என்றாலும் உடல்வாகு வேறு வேறுதான். இரண்டு காகிதங்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால், "வயதானால் காது மந்தமாவது இயல்புதானே" என்று யாராவது என்னைத் தேற்ற வரும்போது நான் இந்த இரண்டையும் எடுத்துக் காட்டுகிறேன். முதுமை எடுப்பது ஒரு பங்கு, வேலை எடுப்பது இன்னொரு பங்கு. முதலாவதைத் தடுக்க வழியில்லை. இரண்டாவது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. இன்று இரைச்சலில் நிற்கும் 30 வயதுக்காரர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்குக் கடைசியில் சில வழிகள் சொல்கிறேன்.

முப்பதில் போனது அறுபதில்தான் தெரியும்

உள்காதில் நத்தைக்கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்களும் 3,500 உள் மயிர்ச்செல்களும் வரிசைகட்டி நிற்கின்றன. வெளிச்செல்கள் வந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும், உள்செல்கள் அதை நரம்புக்கு அனுப்பும். இரைச்சல் பெரும்பாலும் வெளிச்செல்களைத்தான் முதலில் சாகடிக்கிறது. பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும், மனிதர்களுக்கு முளைப்பதில்லை.

சேதம் தொடங்கும் இடம் 4000 ஹெர்ட்ஸைச் சுற்றி. அமைதியான அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு அந்த இடம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதனால்தான் 35 வயதில் எனக்குப் பள்ளம் விழுந்திருந்தாலும் எனக்கோ வீட்டாருக்கோ தெரிந்திருக்காது. முதுமை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 8000-இல் தொடங்கிப் படிப்படியாகக் கீழ் அதிர்வெண்களை நோக்கி அரித்துக்கொண்டு வரும். ஒரு நாள் இரண்டு சேதங்களும் சந்திக்கின்றன. நடுவில் சரிகிற 2000, 3000 ஹெர்ட்ஸ்தான் வல்லின மெய்கள் தெளிவுபெறும் இடம்.

இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். உயிரொலிகளுக்குக் கனம் அதிகம், அவை தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகின்றன. க, ச, த, ப ஆகியவை நொடியில் மறையும் மெல்லிய காற்றொலிகள். காது தேய்ந்தவனுக்குப் பட்டு, தட்டு, கட்டு, சட்டு நான்கும் ஒரே சொல்லாகத்தான் வந்து சேரும். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று வயதானவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். ஒரு காலையில் என் மனைவி அடுத்த அறையிலிருந்து சாவி கேட்டாள். மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் வேறு எதையோ எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நான்காவது முறை அவள் சொல்லவில்லை, எழுந்து வந்து தானே எடுத்துக்கொண்டாள். மறுநாள்தான் அந்த முதல் சோதனைக்குப் போனேன்.

இரண்டு பங்குகளும் சேரும் விதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 1999 என்ற பன்னாட்டுத் தரநிலை அதைத் தருகிறது. வயதால் வரும் இழப்பையும் இரைச்சலால் வரும் இழப்பையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை 120-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். ஒரு அதிர்வெண்ணில் வயது 30 டெசிபலும் இரைச்சல் 40 டெசிபலும் எடுத்திருந்தால், 70-இலிருந்து 10 போக, மொத்த இழப்பு 60. இரைச்சல் இல்லாதிருந்தால் அதே முதியவர் 30-இல் நின்றிருப்பார். 30 என்பது மெல்லிய பேச்சைத் தவறவிடும் நிலை. 60 என்றால் அந்த அதிர்வெண்ணில் சாதாரண உரையாடலே எட்டாது.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரச் சணல் நெசவாளர்களைப் பற்றி 1965-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்தபோது என் கதையையே படிப்பதுபோல் இருந்தது. 4000 ஹெர்ட்ஸில் முதல் 10, 15 ஆண்டுகளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு சில காலம் நின்றதுபோல் தோன்றுகிறது. 20, 25 ஆண்டுகளுக்குப் பின் 2000 ஹெர்ட்ஸும் சரியத் தொடங்குகிறது. ஆகவே வேலையில் சேர்ந்த முதல் பத்தாண்டுதான் மிக முக்கியம். "எனக்கு ஏற்கெனவே போய்விட்டது, இனி என்ன?" என்று 20 ஆண்டு ஆனவர் சொல்வதும் தவறு. பேச்சைத் தாங்கும் பகுதி அப்போதும் மிச்சம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் 2006-இலும் 2009-இலும் வெளியாயின. இளம் வயதில் பலத்த இரைச்சலுக்கு ஆளான எலிகளுக்கு, அந்த இரைச்சல் நின்று நெடுங்காலம் ஆன பிறகும் முதுமைத் தேய்மானம் விரைவாக வந்தது. சோதனையில் காது பழைய நிலைக்குத் திரும்பியதாகத் தெரிந்தாலும், உள்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பல நிரந்தரமாக அறுந்திருந்தன. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஆனாலும், ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்து, மறுநாள் காலையில் சரியாகிவிட்டால் அதைக் குணமடைந்தது என்று நான் இனி நம்பமாட்டேன்.

உங்கள் இடத்தின் இரைச்சலை அறிந்துகொள்ளுங்கள்

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே இரைச்சல் 85 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருக்கும். இன்னொரு சோதனை: வேலைக்குக் கிளம்பும் முன் வானொலியை, பேச்சு சரியாகப் புரியும் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே எண்ணில் கேளுங்கள். புரியவில்லை என்றால் அன்றைய இரைச்சல் உங்கள் காதுக்கு மிஞ்சிவிட்டது.

எண்ணாகவே வேண்டுமென்றால், அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் ஐபோனுக்கு ஓர் இலவச ஒலியளவி செயலி வெளியிட்டிருக்கிறது. சட்டப்படியான அளவீட்டுக்கு அது போதாது, நிலைமையைப் புரிந்துகொள்ளப் போதும்.

எண் கிடைத்ததும் நேரக் கணக்குப் போட வேண்டும். நியாஷ் பரிந்துரை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, எனவே நேரம் பாதியாக வேண்டும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரு மணி, 97-இல் அரை மணி, 100-இல் 15 நிமிடம். நாடாத் தறிக் கூடம் 100 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். அதாவது எனக்கு ஒரு நாளுக்கு உரிய இரைச்சல், ஷிப்ட் தொடங்கிய கால் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது. மீதி ஏழே முக்கால் மணி நேரமும் கடன்.

சில நாடுகளின் விதிகள் 90 டெசிபல்வரை 8 மணி நேரம் அனுமதிக்கின்றன. அதைக் காதுக்குப் பாதுகாப்பான எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 40 ஆண்டுக் காலம் 85-இல் வேலை செய்தால் 100-க்கு 8 பேருக்கும், 90-இல் செய்தால் 25 பேருக்கும் இரைச்சலால் மட்டுமே காது பாதிக்கும் என்று நியாஷ் 1998-இல் கணக்கிட்டது.

இரைச்சலை அது பிறக்கும் இடத்தில் குறையுங்கள்

காதை அடைப்பது கடைசி வழி. முதலில் இயந்திரத்தைப் பாருங்கள். எங்கள் கூடத்தில் ஒரு தறி மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மையாக அடித்துக்கொண்டிருந்தது. பல மாதம் அப்படியே ஓட விட்டிருந்தார்கள். ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன். நாடா வந்து மோதும் பெட்டியில் இருந்த தோல் தாங்கி தேய்ந்து, ஓட்டை விழுந்து, மரமும் இரும்பும் நேரடியாக மோதிக்கொண்டிருந்தன. பக்கத்துக் காப்புத் தகட்டின் நான்கு போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. தோலை மாற்றி, போல்ட்டுகளை முறுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கூர்மை அடங்கிவிட்டது. எந்த இயந்திரத்திலும் இப்படிச் சில இடங்கள் இருக்கும்: தேய்ந்த பேரிங், எண்ணெய் காணாத பல்சக்கரம், தளர்ந்த மூடி, ரப்பர் தாங்கி இல்லாமல் தரையில் நேராக அமர்ந்த மோட்டார், தேவைக்கு மேல் அழுத்தத்தில் சீறும் காற்றுக்குழாய். பட்டியல் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது இரைச்சலிலேயே கரைந்துபோகும். கம்ப்ரசர்போல் ஆள் நிற்கத் தேவையில்லாத இயந்திரத்தைத் தனி அறைக்கு மாற்றக் கேளுங்கள். ஓய்வு நேரத்தைக் கூடத்துக்கு வெளியே கழியுங்கள்.

அடைப்பானைச் சரியாக வைப்பது

நுரை அடைப்பானை வைக்கும் முறை பலருக்குச் சொல்லித் தரப்படுவதேயில்லை. எங்களுக்கும் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்ததோடு சரி. கையைக் கழுவுங்கள். அடைப்பானை விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறுபக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்பகுதியைப் பின்னோக்கி மேலே இழுங்கள், அப்போது வளைந்த காதுக்குழாய் நேராகும். உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்திருங்கள், நுரை விரிந்து நிறையட்டும். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரியாக அமர்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் காதுகள்மேல் இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது இரைச்சல் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக அமரவில்லை. எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகி மெதுவாக எடுங்கள்.

காதை முழுவதும் மூடும் கவசம் அணிபவர்கள், மூக்குக் கண்ணாடியின் காம்பும் முடியும் மெத்தையைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தை இறுகி வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். எத்தனை டெசிபல் குறையும் என்று உறைமேல் அச்சிட்டிருக்கும் எண் ஆய்வகத்தில் கிடைத்தது. நடைமுறையில் நுரை அடைப்பானுக்கு அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது நியாஷ், 1998-இல். அடைப்பானும் கவசமும் சேர்த்து அணிந்தால் இரண்டு எண்களையும் கூட்டிவிடக் கூடாது. ஒன்றைவிட 5 டெசிபல் அளவுக்குத்தான் கூடும்.

நான் செய்த பெரிய தவறு இதுதான். தறியின் நோயைக் காதால் கண்டுபிடிப்பது ஃபிட்டரின் பெருமை. அடைப்பான் கிடைத்த பிறகும், ஒரு தறியில் கோளாறு என்றால் அதைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பேன். ஒரு ஷிப்டில் ஆறு முறை, ஐந்து ஐந்து நிமிடம். மொத்தம் அரை மணி நேரம்தானே என்று நினைத்திருந்தேன். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றினால், அந்த நாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல்தான். ஏழரை மணி நேரம் அணிந்ததை அரை மணி நேரம் தின்றுவிடுகிறது. உண்மையில் கழற்றவே தேவையில்லை. அடைப்பான் இரைச்சலையும் இயந்திர ஒலியையும் சேர்த்தே தணிப்பதால், சில நாள் பழகினால் கோளாறின் ஒலி தனியாகப் பிடிபடும். ஏற்கெனவே காது தேய்ந்தவர்களுக்கு மட்டும் இது கடினம். அவர்கள் எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கும் அடைப்பானைக் கேட்டு வாங்க வேண்டும்.

வருடம் ஒரு முறை சோதனை

வேலையில் சேரும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், வயது எடுத்தது எவ்வளவு, வேலை எடுத்தது எவ்வளவு என்று பிற்காலத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னிடம் இளமைக்கால வரைபடம் இல்லை. நஷ்டஈடு கேட்க நினைத்தபோது அதுதான் முதலில் இடித்தது. சோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சலில் இருக்கக் கூடாது. குறும்பி அடைத்திருந்தால் மருத்துவரிடம் எடுத்துவிட்டுச் செல்லுங்கள், பஞ்சுக் குச்சி அதை இன்னும் உள்ளே தள்ளும். 2000, 3000, 4000 ஆகிய மூன்றிலும் வந்த எண்களின் சராசரி, முதல் சோதனையைவிட 10 டெசிபல் கூடியிருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். அச்சிட்ட பிரதியை வீட்டில் வையுங்கள். ஆலைக் கோப்பு ஆலையோடு போய்விடும்.

டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும் ஈயமும் காதைத் தாமாகவே கெடுப்பவை, இரைச்சலோடு சேர்ந்தால் கேடு கூடும். பெயிண்ட், பசை, அச்சு வேலையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் அப்படித்தான். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரைச்சலில் வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற என் வயதுக்காரர்களுக்கு

இரண்டு நிலைகளில் தாமதிக்கக் கூடாது. ஒரு காது திடீரென ஓரிரு நாளில் மங்கினால் அதே நாளில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஆரம்ப நாட்களில் மருந்து கொடுத்தால் மீள வாய்ப்புண்டு. ஒரு பக்கம் மட்டும் இழப்போ காதுக்குள் இரைச்சலோ இருந்தாலும் காட்டுங்கள். தொழில் இரைச்சல் பெரும்பாலும் இரு காதையும் ஒத்த அளவில்தான் தேய்க்கும், ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கலாம்.

காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். முதல் நாள் மாட்டியதும் செய்தித்தாள் புரட்டும் ஒலி தகரம் கிழிவதுபோல் இருந்தது. குழாயில் நீர் விழுவது, செருப்பு உரசுவது எல்லாமே முகத்தில் அறைந்தன. பலர் இந்த இடத்தில்தான் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசி, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கி, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டுங்கள். மறந்துபோன ஒலிகளை மூளை மறுபடி பழகச் சில வாரங்கள் ஆகும். தொந்தரவு தரும் ஒலிகளை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினால் கருவியைத் திருத்தித் தருவார்கள். நினைவாற்றலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். 70 முதல் 84 வயதுவரை 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் கருவியால் வேறுபாடு தெரியவில்லை. நினைவுத் தேய்வுக்கு வாய்ப்பு அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் தேய்வின் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது.

வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கத்தாதீர்கள். தேய்ந்த காதுக்குக் கேட்காத ஒலிக்கும் வலிக்கும் ஒலிக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது. முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். என் மனைவி இப்போது முதலில் மேசையைத் தட்டுவாள். நான் திரும்பிய பிறகுதான் பேசத் தொடங்குவாள். "சாவி" என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்பதில்லை. "வாசல் பூட்டைத் திறக்க வேண்டும், சாவியை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறாள். சாவி என்ற சொல் தவறிப்போனாலும் பூட்டு அதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது.